டர்போ எஸ்டீம்: பூஸ்ட் ஏறினால் ஆயில் கேஜ் வெளியே தள்ளுகிறது, பிரீதர் லைனை எப்படி அமைப்பது?

#1 கோவை எஸ்டீம்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2001 மாருதி எஸ்டீம், எம்பிஎஃப்ஐ (பெட்ரோலை இன்டேக் வழியில் தெளிக்கும் வகை), ஜி13பிபி இன்ஜின், 1298 சிசி. போர் வேலை முடித்து, ஃபோர்ஜ்டு பிஸ்டன், புது ரிங் செட் போட்டு, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சின்ன டர்போ ஒன்றை ஏற்றியிருக்கிறோம். முன்னால் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) 0.5 பார், அதற்கு மேல் போவதில்லை. வாரநாளில் ஆபீஸ், சில ஞாயிறுகளில் செட்டிபாளையம் ரேஸ் டிராக்.

பிரச்சினை இதுதான். மூன்றாவது கியரில் முழு பூஸ்டில் கொஞ்ச நேரம் போனால் ஆயில் கேஜ் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஒரு விரல் அளவு வெளியே வந்து நிற்கிறது. டேப்பெட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) பேக்கிங் ஓரமெல்லாம் கசிவு. ஆக்ஸிலேட்டரை விட்டதும் பின்னால் நீலப் புகை. இன்டர்கூலரின் கீழ் ஹோஸைக் கழற்றினால் ஒரு ஸ்பூன் ஆயில் நிற்கிறது.

டர்போ ஏற்றியபோது பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்கு விடும் வால்வு) அப்படியே விட்டுவிட்டார்கள். டேப்பெட் கவரிலிருந்து ஏர் ஃபில்டர் பைப்புக்குப் போன பிரீதர் ஹோஸை (அந்த வாயுவுக்கான இன்னொரு குழாய்) எடுத்துவிட்டு, அந்த நிப்பிளில் கட்டைவிரல் சைஸ் கோன் ஃபில்டர் ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். இன்னொரு கடையில் காட்டினால் "டர்போ சீல் போச்சு, டர்போவையே மாத்தணும்" என்கிறார்கள். ஆயில் கேட்ச் கேன் போட்டால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எந்தக் கேன் வாங்கலாம்?

#2 பீளமேடு லேத்

தம்பி, கேன் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். டர்போவையும் கழற்ற வேண்டாம். நீங்கள் சொன்ன நான்கு அறிகுறிக்கும் காரணம் ஒன்றுதான்: சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் அறை) காற்றழுத்தம் ஏறுகிறது. கேன் என்பது ஆயில் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா. அழுத்தம் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்று தெரியாமல் டப்பாவை மட்டும் மாட்டினால், ஏற்கெனவே குறுகலாக இருக்கும் வழியில் இன்னொரு அடைப்பு வைத்த மாதிரிதான்.

அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நல்ல ரிங்காக இருந்தாலும் கொஞ்சம் எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கத்தான் செய்யும். நம் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது இதைத்தான். அந்த வாயுவில் தண்ணீர் ஆவி, எரியாத பெட்ரோல், ஆசிட் எல்லாம் இருக்கும். அது சம்ப்பில் தங்கினால் ஆயில் கெடும், சேறு கட்டும். கம்பெனி இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, பிசிவி வால்வு வழியாக இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்). இன்னொன்று, டேப்பெட் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்ஸிலேட்டர் திறக்கும் காற்று வால்வு) நடுவில் உள்ள பைப்புக்கு.

சாதாரணமாக ஓட்டும்போது மேனிஃபோல்டில் வேக்குவம் இருக்கும். அது பிசிவி வழியாக உள்ளே இருக்கும் வாயுவை இழுக்கும். இன்னொரு ஹோஸ் வழியாக ஃபில்டரான புதுக்காற்று உள்ளே வரும். ஐட்லிங்கில் வேக்குவம் பலமாக இருப்பதால், பிசிவிக்குள் இருக்கும் முளை இழுபட்டு வழியைச் சுருக்கும். பாதி த்ராட்டிலில் ஸ்பிரிங் அதை நடுவில் நிறுத்தும், அப்போதுதான் ஓட்டம் அதிகம். ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தால் வேக்குவம் போய்விடும். அந்த நேரத்தில்தான் பேக் கம்ப்ரஷனும் அதிகம். அப்போது வாயு, புதுக்காற்று வந்த அதே ஹோஸில் திரும்பி வெளியேறும். அதனால் அந்த ஹோஸ் காற்று வருவதற்கு மட்டுமில்லை, முழு லோடில் அவசர வழியும் அதுதான். உங்கள் வண்டியில் அங்கேதான் கட்டைவிரல் ஃபில்டர் உட்கார்ந்திருக்கிறது.

டர்போ வந்ததும் இன்னொரு சிக்கல். வேக்குவம் இருந்த மேனிஃபோல்டில் இப்போது 0.5 பார் அழுத்தம். பிசிவி வால்வு பேக்ஃபயர் வந்தால் ஒரு நொடி மூடிக்கொள்ளும்படி செய்தது. பூஸ்டை நிமிடக்கணக்கில் தாங்கி நிற்க அது செய்யப்படவில்லை. அது லேசாகக் கசிய விட்டாலும் டர்போ அழுத்திய காற்று நேராகச் சம்ப்புக்குள் போகும். அப்புறம் ஆயில் கேஜ் எப்படி உள்ளே நிற்கும்?

புகைக்கு வருகிறேன். டர்போ பேரிங்குக்குப் போகும் ஆயில், பிரஷரில் போய், திரும்பி வரும்போது தன் எடையில்தான் இறங்கிச் சம்ப்புக்கு வரும். திரும்பும் பைப்பில் பிரஷர் கிடையாது. சம்ப்பில் அழுத்தம் ஏறினால் அந்த ஆயில் இறங்காமல் டர்போவுக்குள்ளேயே தேங்கி, சீல் ரிங்கைத் தாண்டிக் கம்ப்ரஸர் பக்கமும் டர்பைன் பக்கமும் கசியும். டர்போவை மாற்றினாலும் புது டர்போவும் இதே புகையைத்தான் விடும்.

#3 மெட்ராஸ் டிராக்

லேத் அண்ணா சொல்வது சரி, ஆனால் இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. பிசிவியை எடுத்துவிட்டு மேனிஃபோல்டு ஓட்டையை அடைத்துவிடுங்கள். டேப்பெட் கவரிலிருந்து பெரிய ஹோஸ் இரண்டை இழுத்து, மேலே ஃபில்டர் வைத்த இரண்டு லிட்டர் கேனுக்குக் கொடுங்கள். காற்று வெளியே போகட்டும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓடும் வண்டிகள் பலதும் இப்படித்தான். எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) விதியிலேயே ஆயில் பிரீதர் திறந்து வெளியேறும் அமைப்பு என்றால், 2000 சிசி வரை குறைந்தது 2 லிட்டர் கேட்ச் டேங்க், அதற்கு மேல் 3 லிட்டர் என்று இருக்கிறது. உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியவும் வேண்டும். ஆயில் இன்டேக்குக்குப் போகாது, பூஸ்ட் சம்ப்புக்குப் போகாது. இரண்டு பிரச்சினையும் ஒரே வேலையில் முடிந்தது.

இன்டேக்கில் ஆயில் ஆவி போனால் பெட்ரோலின் ஆக்டேன் குறைந்த மாதிரி ஆகும், நாக் (சிலிண்டரில் கலவை தாறுமாறாக வெடிப்பது) வரும். டர்போ வண்டியில் அது பிஸ்டனைக் காவு வாங்கும். அதனால் மேனிஃபோல்டுக்குத் திருப்பிவிடுவதே எனக்குப் பிடிக்காது.

#4 பீளமேடு லேத்

டிராக் வண்டிக்கு நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. அந்த வண்டி ட்ரெய்லரில் வரும், முழுச் சூட்டில் ஓடும், ஒவ்வொரு ரேஸுக்கும் ஆயில் மாற்றுவார்கள். தம்பியின் வண்டி ஆபீஸ் போகிறது. அவினாசி ரோடு சிக்னலில் நிற்கிறது. ஆயில் சரியாகச் சூடாவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுவார். அப்படி ஓடும் வண்டியில் உள்ளே சேரும் தண்ணீர் ஆவியையும் பெட்ரோல் ஆவியையும் இழுத்து வெளியேற்ற ஒரு ஓட்டம் வேண்டும். திறந்து விட்ட ஃபில்டர் அழுத்தத்தை விடும், ஆனால் எதையும் இழுக்காது. புதுக்காற்று உள்ளே வராது. சில மாதத்தில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், அடியில் வெள்ளை வெண்ணெய் மாதிரி படிந்திருக்கும்.

இன்னொரு விஷயம், வாசனை. அந்த ஆவி பானட்டுக்குள் சுற்றி, கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுவழியாக ஏசியில் ஏறி, வீட்டில் இருப்பவர்கள் மூக்கில் போய் நிற்கும். குழந்தையை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் அது கூடாது. அந்த ஃபில்டரிலிருந்து ஆயில் சொட்டி டர்போ மேனிஃபோல்டில் விழுந்தால் தீ. இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை, எக்ஸாஸ்டுக்குப் பக்கத்திலேயே பிரீதர் ஃபில்டர் மாட்டிய வண்டிகள் என் பட்டறைக்கு வருகின்றன, பார்த்த உடனே கழற்றச் சொல்கிறேன்.

முன்காலத்தில் எல்லா வண்டியிலும் ரோட்டைப் பார்த்து ஒரு பைப் தொங்கும், அவ்வளவுதான். 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் புகைமூட்டத்துக்காகப் பிசிவியைக் கொண்டு வந்தார்கள், 1963 மாடலிலிருந்து அமெரிக்கா முழுக்க வந்தது. காற்று மாசுக்காக வந்த சாமான்தான், ஆனால் இன்ஜின் ஆயிலின் ஆயுளும் அதனால் கூடியது. ரோட்டில் ஓடும் வண்டியில் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது.

#5 கோவை எஸ்டீம்

நன்றி அண்ணா. இப்போதுதான் விஷயம் விளங்குகிறது. ஆனால் என் வண்டியில் பூஸ்ட் கசிகிறதா, ஃபில்டர் அடைக்கிறதா, இல்லை ரிங்கே சரியில்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போர் வேலை செய்தவர்கள் ரிங் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். டர்போக்காரர்கள் ரிங்தான் காரணம் என்கிறார்கள்.

#6 பீளமேடு லேத்

அளந்து பார்த்தால் ஆள் ஆளுக்குச் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை. பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடி மாதிரி ட்யூப், ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதில் நான்கைந்து மீட்டர் வாங்குங்கள்.

ஒரு மீட்டர் உயரப் பலகையில் ட்யூபை யு வடிவில் அடித்து, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். காபி டிகாஷன் இரண்டு சொட்டு விட்டால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பழைய ஆயில் மூடி ஒன்று வாங்கி, நடுவில் துளை போட்டு நிப்பிள் வைத்து, ட்யூபின் ஒரு முனையை அதில் மாட்டுங்கள். ஆயில் கேஜ் குழாயில் மாட்ட வேண்டாம், சில இன்ஜினில் அந்தக் குழாயின் அடிமுனை ஆயிலுக்குள் முங்கி இருக்கும், கணக்கு தப்பும். மூடிக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு காலி பாட்டிலை வைத்து அதன் வழியாக ட்யூபைக் கொண்டு போங்கள். வேக்குவம் பலமாக இருந்து தண்ணீரை இழுத்தாலும் பாட்டிலோடு நின்றுவிடும், இன்ஜினுக்குள் போகாது. ட்யூபைக் கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே எடுத்து, பக்கத்து சீட்டில் இருப்பவர் பலகையைப் பிடித்துக்கொள்ளட்டும். ஓட்டுகிறவர் பலகையைப் பார்க்கக் கூடாது. ஆயில் கேஜ் தெறிக்காமல் கட்டிவிடுங்கள்.

இரண்டு பக்கத் தண்ணீருக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் அழுத்தம். ஒரு பிஎஸ்ஐ என்பது சுமார் 70 சென்டிமீட்டர் தண்ணீர். மூன்று நிலையில் எழுதி வையுங்கள்.

இப்போது இருக்கிறபடியே ஒரு முறை. பிசிவி ஹோஸைக் கழற்றி மேனிஃபோல்டு பக்கமும் வால்வு பக்கமும் இறுக்கி அடைத்துவிட்டு ஒரு முறை. அதே நிலையில் கோன் ஃபில்டரையும் எடுத்துவிட்டு, நிப்பிளை ஒரு பாட்டிலுக்குக் கொடுத்து ஒரு முறை. முதல் அளவுக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் பூஸ்ட் கசிகிறது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வித்தியாசம் இருந்தால் ஃபில்டர் அடைக்கிறது. மூன்றாவதும் அதிகமாகவே இருந்தால் மட்டும் ரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

லீக் டவுன் டெஸ்ட்டும் செய்துவிடுங்கள். கம்ப்ரஸர் காற்றைப் பிளக் ஓட்டை வழியாக உள்ளே விட்டு, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. எங்கே சத்தம் கேட்கிறது என்பதும் முக்கியம். ஆயில் மூடியில் கேட்டால் ரிங், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டிலில் கேட்டால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் பேக்கிங். சிலிண்டருக்கு 10 சதவீதத்தை ஒட்டி இருந்தால் கவலையில்லை, 20-ஐத் தாண்டினால் திறக்க வேண்டியதுதான்.

#7 ஈரோடு டீசல்

நடுவில் ஒரு சந்தேகம். என்னுடையது 1.3 டீசல், ரீமேப் (கூடுதல் பவருக்காக இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றுவது) செய்தது. இன்டர்கூலர் ஹோஸில் எனக்கும் ஆயில் இருக்கிறது. இதே வழிதானா?

#8 பீளமேடு லேத்

டீசலில் கதை வேறு. அங்கே பெட்ரோல் மாதிரி மேனிஃபோல்டு வேக்குவம் கிடையாது. பிரீதர், டர்போவுக்கு முன்னால் உள்ள பைப்பில் சேரும். அதனால் ஹோஸ் உட்புறம் லேசாக ஆயில் பூசினமாதிரி இருப்பது சகஜம், துடைத்துவிட்டு ஓட்டலாம். தேங்கி நின்றால் விடக்கூடாது. டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு தானாக ரேஸ் ஆகும், சாவியை அணைத்தாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். கிலோமீட்டர் அதிகம் ஓடிய வண்டி என்றால் ரீமேப்பை எடுத்துவிட்டு முதலில் பேக் கம்ப்ரஷன் பாருங்கள். தனி இழை தொடங்குங்கள், விவரமாகப் பேசுவோம்.

#9 கோவை எஸ்டீம்

அளந்துவிட்டேன். ஐட்லிங்கில் தண்ணீர் இன்ஜின் பக்கமாக 3 சென்டிமீட்டர் இழுத்தது. இருக்கிறபடியே பூஸ்டில் போனபோது தண்ணீர் பலகையைத் தாண்டி மேல்முனையில் கொட்டிவிட்டது, பலகையைப் பிடித்திருந்த என் தம்பியின் பேன்ட் முழுக்க டிகாஷன். பிசிவியை அடைத்ததும் அதே ரோட்டில், அதே கியரில் 22 சென்டிமீட்டர். ஃபில்டரையும் எடுத்ததும் 9. லீக் டவுன் நான்கு சிலிண்டரிலும் 8-லிருந்து 11 சதவீதத்துக்குள்.

#10 பீளமேடு லேத்

பார்த்தீர்களா, ரிங் போட்டவர்கள் சொன்னது சரி. 0.5 பார் என்றால் கிட்டத்தட்ட 500 சென்டிமீட்டர் தண்ணீர். அதில் ஒரு பங்கு கசிந்து உள்ளே வந்தாலே பலகை தாங்காது. முதல் குற்றவாளி பிசிவி, அடுத்தது ஃபில்டர். மீதி 9 சென்டிமீட்டரும் அந்தக் குறுகலான நிப்பிளால் வருவதாக இருக்கும். கம்பெனி அந்த நிப்பிளை வைத்தது டர்போ இல்லாத இன்ஜினுக்கு. சிலிண்டரில் அழுத்தம் கூடினால் ரிங்கைத் தாண்டி வருவதும் கூடும், வழியும் அதற்கேற்ற மாதிரி பெரிதாக வேண்டும்.

ரிங் கேப் (ரிங்கின் இரு முனைக்கும் நடுவில் விடும் இடைவெளி) எவ்வளவு வைத்தார்கள் என்று கேட்டு வையுங்கள். 74 மில்லிமீட்டர் போர், மிதமான டர்போ என்றால் மேல் ரிங்குக்கு 0.37 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். பேக் கம்ப்ரஷன் குறையட்டும் என்று கேப்பை இறுக்கி வைத்தால், சூட்டில் முனைகள் முட்டிப் பிஸ்டனின் ரிங் பள்ளம் உடைந்துவிடும். டர்போ வண்டியில் கொஞ்சம் கூடுதல் பேக் கம்ப்ரஷன் இருக்கட்டும், அதைப் பிரீதர் பார்த்துக்கொள்ளும்.

#11 கிள்ளான் சத்ரியா

மலேசியாவிலிருந்து வணக்கம். என் வண்டி புரோட்டான் சத்ரியா, 4ஜி93 டர்போ இன்ஜின் மாற்றியது. இங்கே இது வீட்டுக்கு வீடு நடக்கும் வேலை, அதனால் இரண்டு வார்த்தை.

ஹோஸ் விஷயத்தில் கவனம். சாதாரண ரேடியேட்டர் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் எல்லாம் இபிடிஎம் ரப்பர், தண்ணீருக்கானது. ஆயில் பட்டால் ஊறி மெத்தென்று ஆகி, வேக்குவத்தில் சப்பிக்கொள்ளும். கலர் கலராக விற்கும் சிலிக்கான் ஹோஸும் ஆயிலுக்கு ஆகாது, நாளாக நாளாக வெளிப்புறம் வியர்த்த மாதிரி ஆயில் கசியும். நைட்ரைல் ரப்பரில் ஆயில் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். பூஸ்ட் பக்கம் இல்லாத லைனாக இருந்தாலும் கிளிப் போடாமல் விடாதீர்கள்.

ஆன்லைனில் வரும் மலிவான கேட்ச் டேங்க்கைத் திறந்து பாருங்கள், உள்ளே ஒன்றுமே இருக்காது. ஒரு பக்கம் நுழைந்த ஆவி மறுபக்கம் அப்படியே போகும்.

#12 கோவை எஸ்டீம்

அப்படியென்றால் கேன் நானே செய்துகொள்ளலாமா? லேத் அண்ணா, அளவு சொன்னால் இங்கேயே அடித்துவிடுவேன்.

#13 பீளமேடு லேத்

தாராளமாக. நம் ஊரில் ஆர்கான் வெல்டிங் செய்யாத தெரு இல்லை. சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் டேப்பெட் கவர். இன்னொரு நிப்பிள் வைக்க வேண்டும், உள்விட்டம் 16 மில்லிமீட்டர். எங்கே துளை போடுகிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கவரைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள், கம்பெனி நிப்பிளுக்கு அடியில் ஒரு தகடு ரிவெட் அடித்திருக்கும். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சுற்றும்போது ஆயிலை மேலே வாரி அடிக்கும், அந்த அடி நேராக நிப்பிளுக்குள் போகாமல் தகடு தடுக்கிறது. புது நிப்பிளுக்கும் அப்படி ஒரு தகடு வேண்டும். மூன்று பக்கம் மூடி, ஒரு பக்கம் மட்டும் திறந்து, திறந்த பக்கம் கேமுக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும். தகட்டின் அடியில் ஒரு சின்னத் துளை, சேர்ந்த ஆயில் திரும்பிச் சொட்டுவதற்கு. வெல்டிங் முடிந்ததும் கவரை நன்றாகக் கழுவுங்கள், அலுமினியப் பிசிறு ஒன்று உள்ளே விழுந்தாலும் ஆயில் பம்ப் வரைக்கும் போகும்.

ஹோஸ் நிப்பிளிலிருந்து முதலில் மேல்நோக்கி ஒரு ஜாண் ஏறட்டும், பிறகு கேனுக்கு இறங்கலாம். ஏறும் இடத்தில் காற்றின் வேகம் குறைந்து, கனமான ஆயில் துளி அங்கேயே திரும்பி இன்ஜினுக்குள் வழிந்துவிடும். கேனுக்கு வருவதே பாதியாகக் குறையும். ஹோஸ் பெரிதாக இருக்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம், அகலம் கூடினால் காற்று மெதுவாகப் போகும், துளியை இழுத்துக்கொண்டு போகாது.

கேன், 3 அங்குல அலுமினியப் பைப், உயரம் 8 அங்குலம். வரும் நிப்பிளைப் பக்கவாட்டில், சுவரை ஒட்டிச் சுழன்று போகும்படி சாய்த்து வையுங்கள். போகும் நிப்பிள் மேல்மூடியின் நடுவில். இரண்டுக்கும் நடுவில் துளையிட்ட தகடு இரண்டு, அவற்றுக்கு நடுவே பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாரைத் தளர்வாக அடையுங்கள். துருப்பிடிக்கும் இரும்பு நார் வேண்டவே வேண்டாம், அது பொடிந்து டர்போவுக்குள் போகும். இறுக்கித் திணிக்கவும் வேண்டாம், வழி அடைபடும். அடியில் ஒரு டிரெயின் காக். கேனை டர்போவிலிருந்து தள்ளி, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். குளிர்ந்தால்தான் ஆவி படியும்.

கேனிலிருந்து வெளியேறும் ஹோஸ், ஏர் ஃபில்டருக்கும் டர்போ வாய்க்கும் நடுவில் உள்ள பைப்பில் சேரட்டும். டர்போ எவ்வளவு வேகமாகக் காற்று இழுக்கிறதோ அவ்வளவு இழுப்பு அங்கே இருக்கும், பூஸ்ட் ஏற ஏற சம்ப்பையும் அது இழுத்துக் காலியாக்கும். காற்று அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டி என்றால் சென்சாருக்குப் பின்னால்தான் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் சென்சாரில் ஆயில் படியும். காற்றைத் திறந்து வெளியே விட்டாலும் அந்த வண்டிகளில் மிக்ஸர் (காற்றும் பெட்ரோலும் சேரும் கலவை) கணக்கு தப்பும். மேப் சென்சார் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது) வண்டியில் இந்தத் தொல்லை குறைவு.

கடைசியாகப் பிசிவி. புது பிசிவி போடுங்கள், கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே முளை கடகடவென்று ஆட வேண்டும். அதற்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு (ஒரு பக்கம் மட்டும் காற்றை விடுவது). பிரேக் பூஸ்டர் லைனில் வருகிறதே, அது நல்ல தேர்வு. சூட்டையும் வேக்குவத்தையும் தாங்கும்படி செய்தது. மீன்தொட்டிக்கும் பெட்ரோல் லைனுக்கும் விற்கும் பிளாஸ்டிக் வால்வு வேண்டாம். மாட்டும் முன் வாயால் ஊதிப் பாருங்கள், சம்ப்பிலிருந்து மேனிஃபோல்டு பக்கம் காற்று போக வேண்டும், திருப்பி ஊதினால் துளியும் வரக்கூடாது.

#14 மெட்ராஸ் டிராக்

பிசிவி பக்கமும் ஆயில் போகுமே அண்ணா? அங்கே கேன் வேண்டாமா?

#15 பீளமேடு லேத்

நல்ல கேள்வி. ஆக்ஸிலேட்டரை விட்டதும் வேக்குவம் உச்சத்துக்குப் போகும், இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கில் வரும்போதும் அப்படித்தான். அப்போது பிசிவி பக்கம் ஆயில் இழுக்கலாம். டிராக்கில் நீங்கள் சொன்ன நாக் பயமும் நியாயமானதுதான். அதனால் அந்த லைனிலும் சின்னக் கேன் ஒன்று, பிசிவிக்கும் நான் ரிட்டர்ன் வால்வுக்கும் நடுவில். ஆனால் இந்தக் கேன் துளியும் காற்றுக் கசியக்கூடாது, கசிந்தால் ஐட்லிங் ஏறி இறங்கும். இரண்டு லைனையும் ஒரே கேனில் சேர்க்க வேண்டாம், மேனிஃபோல்டு வேக்குவம் டர்போ பைப்பிலிருந்தே காற்றை இழுத்துக்கொள்ளும், இன்ஜின் வழியாக ஓட்டமே இருக்காது.

#16 தாம்பரம் நேரடி

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் டர்போ வைத்திருப்பவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய எம்பிஎஃப்ஐ வண்டியில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் படும், ஓரளவு கழுவிக்கொண்டே இருக்கும். எங்கள் வண்டியில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள், வால்வை எதுவும் கழுவாது. ஆயில் ஆவி அங்கே கருகிக் கரி கட்டும். ஆனால் இந்த வண்டிகள் பலவற்றில் பிசிவி, ஆயில் செப்பரேட்டர், நான் ரிட்டர்ன் எல்லாமே ஒரே யூனிட்டாக வரும், உள்ளே ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். அது கிழிந்தால் ஐட்லிங்கில் விசில் சத்தம், ஆயில் மூடியைத் திறக்க முடியாத அளவு இழுப்பு. கேன் போடும் முன் அந்த யூனிட் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, திறந்து விடுவது பற்றி. இந்தியாவில் வண்டிக்கு அனுமதி தரும்போதே சம்ப் வாயு வெளியே வராமல் இருக்கிறதா என்று தனிச் சோதனை உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. டர்போ ஏற்றிய வண்டிக்கு ஏற்கெனவே ஆர்டிஓ கேள்வி இருக்கும். பிரீதரையாவது மூடிய அமைப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

#17 கோவை எஸ்டீம்

வேலை முடிந்தது. அண்ணா சொன்னபடியே கவரில் தகடு வைத்து 16 மில்லிமீட்டர் நிப்பிள், இரண்டு கேன், பிரேக் பூஸ்டர் வால்வு. அதே பலகையை மறுபடி மாட்டிப் பார்த்தோம். ஐட்லிங்கில் 4 சென்டிமீட்டர் வேக்குவம். முழு பூஸ்டில் 2, 3 சென்டிமீட்டருக்கு மேல் ஏறவில்லை. ஆயில் கேஜைக் கட்டாமல் ஓட்டினாலும் இடத்தை விட்டு அசையவில்லை. டேப்பெட் கவர் காய்ந்து கிடக்கிறது. டர்போவை மாற்றவில்லை. முதல் நாள் கொஞ்சம் புகை வந்தது, சைலன்சரில் தேங்கியது எரிந்து தீர்ந்ததும் நின்றுவிட்டது.

டர்போ ஆயில் திரும்பும் பைப்பையும் பார்த்தேன். நடுவில் கொஞ்சம் வளைந்து பள்ளமாக இருந்தது. அதையும் நேராக்கி, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேரும்படி மாற்றியாயிற்று.

ஒரு சந்தேகம். டிராக் போய்வந்தால் பெரிய கேனில் சுத்தமான ஆயில் நிறத்தில் வருகிறது. ஆபீஸ் மட்டும் போகும் வாரங்களில் சின்னக் கேனில் சாம்பல் நிறத்தில், பெட்ரோல் நாற்றத்தோடு தண்ணீர் மாதிரி வருகிறது. ஹெட் பேக்கிங் பிரச்சினையா?

#18 பீளமேடு லேத்

இல்லை. கூலன்ட் அளவு குறையாமல் இருந்தால் பயமில்லை. அது ஈரமும் பெட்ரோலும் கலந்தது, சம்ப்பில் தங்கி ஆயிலைக் கெடுத்திருக்கும், இப்போது கேனுக்கு வந்திருக்கிறது. ஊட்டி, குன்னூர் பக்கம் குளிரில் போனால் இன்னும் அதிகமாக, வெள்ளையாக வரும். இரண்டில் எதையும் திரும்ப இன்ஜினில் ஊற்றாதீர்கள், சாக்கடையிலும் விடாதீர்கள். பழைய ஆயில் சேர்க்கும் பீப்பாயில் சேர்த்துவிடுங்கள்.

ஆயில் சர்வீஸ் வரை காத்திருக்க வேண்டாம், டிராக் நாளன்று காலையில் கேனைக் காலி செய்துவிட்டுப் போங்கள். நிரம்பிய கேன் ஒரு வளைவில் மொத்தத்தையும் டர்போவுக்குள் ஊற்றிவிடும். வருவதை அளவுக்கோடு போட்ட ஒரு பாட்டிலில் பிடித்துத் தேதியோடு எழுதி வையுங்கள். ஒரே மாதிரி ஓட்டியும் திடீரென்று அதிகமாக வந்தால் பலகையை எடுங்கள், லீக் டவுன் பாருங்கள். நான் ரிட்டர்ன் வால்வை ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் கழற்றி ஊதிப் பார்க்க வேண்டும், அது பசை பிடித்து ஒட்டிக்கொண்டால் பூஸ்ட் மறுபடி சம்ப்புக்கு வரும்.

#19 கிள்ளான் சத்ரியா

அந்தத் தகடு வைத்த டேப்பெட் கவரின் உட்புறப் படம் இருந்தால் போடுங்கள் நண்பரே. 4ஜி93-க்கும் இதே மாதிரி ஒன்று செய்யப் பார்க்கிறேன்.

#20 கோவை எஸ்டீம்

இன்று இரவு ஏற்றிவிடுகிறேன். தகடு 1.5 மில்லிமீட்டர் அலுமினியம், கேம் முனைக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி போதுமா என்று மூடும் முன் மாவு உருண்டை வைத்துக் கவரை அழுத்திப் பார்த்தோம். உங்கள் இன்ஜினில் கேம் உயரம் வேறாக இருக்கும், நீங்களும் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்.